வட்டுகளின் கூட்டுறவு

பொருள் ஈட்டுவது ஒரு கலை. ஈட்டிய பொருளைக் காப்பது மற்றொரு கலை. ஆராய்ச்சி மாணவனுக்கு அவன் திரட்டிய அளவீடுகளே பொருள். ஈராண்டு, மூவாண்டு உழைத்துப் பெற்ற எண்களும் படங்களும் இன்று கணிப்பொறியின் வட்டில் தங்குகின்றன. வட்டோ ஓர் இயந்திரம். எந்த இயந்திரமும் ஒரு நாள் நின்றுதான் தீரும். அந்த நாள் எது என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆகவே, வட்டு கெட்டாலும் தரவு பிழைப்பது எப்படி என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இக்கேள்விக்கு 1988-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் ஒரு விடை கூறினர். விலை மிகுந்த ஒரு பெரிய வட்டை நம்புவதற்குப் பதிலாக, விலை குறைந்த பல வட்டுகளை ஒரே வரிசையாக இணைக்கலாம்; ஒன்று கெட்டால் மற்றவை அதன் இழப்பை ஈடுசெய்யுமாறு அமைக்கலாம் என்றனர். அம்முறையே 'ரெய்டு' எனப்படுகிறது.

இதற்கெனத் தனி மின்னணு அட்டைகள் உண்டு. ஆனால், யூனிக்ஸை ஒட்டி எழுந்த லினக்ஸ் இயக்க அமைப்பு, அட்டை ஏதுமின்றி மென்பொருளாலேயே இதனைச் செய்கிறது. வட்டுகளை இணைத்து ஆளும் பகுதி லினக்ஸின் உட்கருவிலேயே இருக்கிறது. அதற்கு நாம் கட்டளையிடும் கருவியின் பெயர் எம்.டி.ஏ.டி.எம். வரிசையின் அமைப்பைப் பற்றிய குறிப்பு ஒவ்வொரு வட்டிலும் எழுதப்பட்டிருக்கும். எனவே, கணிப்பொறி பழுதானாலும் வட்டுகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணிப்பொறியில் பொருத்தி, வரிசையை மீண்டும் எழுப்பலாம். பணவசதி குறைந்த ஆய்வுக்கூடங்களுக்கு இது பெரும் பேறு.

வரிசையில் பல வகை உண்டு. 4 டெராபைட் கொள்ளும் வட்டுகள் 4 நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். ரெய்டு 0 தரவைத் துண்டுகளாக்கிப் பகிர்ந்து வைக்கும். 16 டெராபைட் இடமும் கிடைக்கும். ஆனால் ஒரு வட்டு கெட்டால் அனைத்தும் போகும். ரெய்டு 1 எல்லா வட்டுகளிலும் ஒரே படியை எழுதும். இடம் 4 டெராபைட்டே. ரெய்டு 5-இல் 12 டெராபைட் கிடைக்கும். ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும். ரெய்டு 6-இல் 8 டெராபைட் கிடைக்கும். எந்த இரண்டு வட்டுகள் கெட்டாலும் தாங்கும்.

ஒரு முழு வட்டை இழந்த பின்னும் தரவு எவ்வாறு மீள்கிறது? சிறு கணக்குதான். மூன்று வட்டுகளில் ஓரிடத்தில் 1, 0, 1 என்று இருக்கின்றன. நான்கிலும் சேர்த்து ஒன்றுகளின் தொகை இரட்டைப்படையாக வருமாறு நான்காம் வட்டில் ஒரு சான்று எண் எழுதப்படுகிறது. இங்கே அது 0. இப்போது இரண்டாம் வட்டு கெடுகிறது. எஞ்சியவை 1, 1, 0. ஒன்றுகள் ஏற்கெனவே இரட்டைப்படை. ஆகவே இழந்தது 0. ரெய்டு 5-இன் அடிப்படை இதுவே. சான்று எண்கள் ஒரே வட்டில் குவியாமல் முறைவைத்து எல்லா வட்டுகளிலும் பரவியிருக்கும்.

இந்தத் திறமையிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஒரு வட்டு கெட்ட பின்னும் வரிசை வழக்கம்போல் இயங்கும், கோப்புகள் திறக்கும், வேலை நடக்கும். பார்ப்பவர் இல்லையென்றால், ஊனமுற்ற வரிசை மாதக்கணக்கில் அப்படியே ஓடும். அடுத்த வட்டும் கெடும் நாளில்தான் உண்மை தெரியும். அன்று செய்வதற்கு ஒன்றும் இராது.

எனவே கண்காணிப்பு இன்றியமையாதது. 'பிராக்' என்னும் கோப்புறையில் 'எம்.டி.ஸ்டாட்' என்றொரு கோப்பு உண்டு. நான்கு வட்டுகளும் நலமாயிருந்தால் அதில் ஆங்கில எழுத்தான 'யு' நான்கு முறை தோன்றும்; ஒன்று விலகியிருந்தால் அவ்விடத்தில் ஓர் அடிக்கோடு நிற்கும். எம்.டி.ஏ.டி.எம். கருவியே காவலிருந்து, வட்டு விலகியவுடன் மின்னஞ்சல் அனுப்புமாறும் அமைக்கலாம். மாதம் ஒருமுறை வரிசை முழுவதையும் படித்துச் சரிபார்க்கச் செய்வதும் நன்று. நெடுநாள் தீண்டப்படாத பகுதிகளில் மறைந்திருக்கும் பழுது அப்போது வெளிப்படும்.

கெட்ட வட்டை மாற்றும்போது பதற்றம் கூடாது. கழற்றுமுன் அதன் தொடர் எண்ணை ஒத்துப் பார்க்க வேண்டும். எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்று லினக்ஸ் இடும் பெயர்கள் கணிப்பொறியை மீண்டும் இயக்கும்போது மாறக்கூடும். பெயரை மட்டும் நம்பி நல்ல வட்டைப் பிடுங்கினால் வரிசை வீழும். தொடர் எண்ணை வட்டின் முகப்பில் ஒட்டி வைப்பது எளிய காப்பு. புதிய வட்டைச் சேர்த்ததும் மறுகட்டமைப்பு தொடங்கும். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும் 4 டெராபைட் வட்டு நிரம்ப 7 மணி நேரத்திற்கு மேல் ஆகும். அந்நேரம் முழுவதும் எஞ்சிய வட்டுகள் ஓய்வின்றி உழைக்கும். ரெய்டு 5-இல் அப்போது இன்னொன்று கெட்டால் தரவு மீளாது. பெரிய வட்டுகளுக்கு ரெய்டு 6-ஐப் பலர் விரும்புவது இதனாலேயே.

இன்னொன்றையும் மறத்தல் ஆகாது. கை தவறி ஒரு கோப்பை அழித்தால், அவ்வழிவு எல்லா வட்டுகளுக்கும் அந்நொடியே பொருந்தும். தீயும் திருட்டும் வட்டுகளைத் தனித்தனியே பார்ப்பதில்லை. ஆகவே வேறொரு கட்டடத்தில் வேறொரு படி இருந்தே ஆக வேண்டும். வட்டு வரிசை நமக்குத் தருவது அவகாசம். அதனைப் பயன்படுத்துவது நம் பொறுப்பு.

இதனைப் பழக நான்கு வட்டுகள் வாங்க வேண்டியதில்லை. லினக்ஸில் சிறு கோப்புகள் நான்கை உருவாக்கி, அவற்றை வட்டுகளாகப் பாவித்து வரிசை அமைக்கலாம். அதில் ஒன்றைக் கெட்டதாக அறிவித்து, நீக்கி, புதிதொன்றைச் சேர்த்து, வரிசை மீண்டு எழுவதைக் கண்ணாலேயே காணலாம். ஒரு ஞாயிறு பிற்பகல் போதும். தோழர்கள் செய்து பார்க்க வேண்டும். உண்மையான வட்டு கெடும் நாளில் அப்பழக்கம் கை கொடுக்கும்.