தட்டைப் பாதம், கடினமான தாவல்

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் விடுமுறை நாளில் ஒரு தோட்டத்துக் கிணற்றருகே நின்று பாருங்கள். வகுப்பில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காராத பையன், மேட்டிலிருந்து ஓடிவந்து காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டுத் தண்ணீரில் விழுவான். தண்ணீர் அவனைத் தாங்கிக்கொள்கிறது. அதையே தரையில் செய்து, இரண்டு காலில் அசையாமல் நிற்பதுதான் ஜிம்னாஸ்டிக்ஸ். அப்படி நின்று காட்டிய தீபா கர்மாகரின் கதை உடற்கல்வி ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, நம் அனைவருக்கும் பயன்படும்.

தீபா 1993 ஆகஸ்ட் 9 அன்று திரிபுராவின் அகர்தலாவில் பிறந்தார். தந்தை பளுதூக்கும் பயிற்சியாளர். ஆறு வயதில் பயிற்சிக்கு வந்த சிறுமிக்குத் தட்டைப் பாதம். பாதத்தின் உட்பக்க வளைவு ஸ்பிரிங் போல அதிர்வை வாங்கிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் எம்புவதும் கடினம், இறங்கி நிற்பதும் கடினம். பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தி அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பாதத்தில் வளைவை உண்டாக்கவே நெடுநாள் தனிப் பயிற்சி கொடுத்தார். நல்ல கருவிகள் இல்லாத நிலையில், பழைய ஸ்கூட்டர் பாகங்களைக் கொண்டு செய்த தாவுபலகையில் பழகியே அவர் வளர்ந்தார்.

தீபாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது 'புரோடுனோவா' தாவல். ரஷ்ய வீராங்கனை யெலேனா புரோடுனோவாவின் பெயரால் வழங்குவது. ஓடிவந்து தாவுமேசையில் கைகளை ஊன்றி எழும்பி, முன்பக்கமாக இரண்டு முறை சுழன்று இறங்க வேண்டும். பின்பக்கமாகச் சுழல்பவருக்கு இறங்கும் முன் தரை தெரியும்; முன்பக்கமாகச் சுழல்பவருக்குத் தெரியாது. கணக்குத் தவறினால் கழுத்து முறியலாம். உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களே இதைப் போட்டியில் செய்திருக்கிறார்கள். இதைச் செய்துதான் தீபா 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்றார்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் பங்கேற்றபோது, அங்கே சென்ற முதல் இந்திய ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஆனார். ஆகஸ்ட் 14 இறுதிப் போட்டியில் இரண்டு தாவல்களுக்குப் பெற்றவை 14.866, 15.266. சராசரி 15.066. வெண்கலம் பெற்ற சுவிட்சர்லாந்து வீராங்கனைக்கு 15.216. இடைவெளி 0.150. தசம எண்களும் சராசரியும் நடத்தும்போது இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதலாம். இரண்டாவது தாவலின் மதிப்பெண்ணில் 7.0 அதன் கடினத்துக்கு, 8.266 செய்த விதத்துக்கு. சுழற்சி முழுமையானது, தாழக் குந்தி இறங்கியதில்தான் மதிப்பெண் போனது. ஊர் திரும்பிய கையோடு எம்.ஏ. தேர்வும் எழுதினார். விளையாடினால் படிப்பு போய்விடும் என்று சொல்லும் பெற்றோரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

பிறகு எல்லாம் நேர்க்கோட்டில் செல்லவில்லை. 2017இல் முழங்கால் அறுவை சிகிச்சை. 2018இல் துருக்கியின் மெர்சினில் உலகச் சேலஞ்ச் கோப்பைத் தங்கம். அதன்பின், தடைசெய்யப்பட்ட பொருள் உடலில் இருந்ததால் 21 மாதத் தடை. எப்படி வந்ததென்றே தெரியாது என்றார் தீபா. விளையாடும் பிள்ளைகள் கடையில் வாங்கும் சத்துமாவையும் மாத்திரையையும் நாம் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது. தடை முடிந்து, 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசியத் தங்கம் வென்றார். அப்போது வயது 30. அதே ஆண்டு அக்டோபரில் ஓய்வு பெற்றார்.

முப்பது வயது இந்த விளையாட்டுக்கு முதுமை என்பார்கள். ஹங்கேரியின் ஆக்னஸ் கெலெட்டி யூதர். இரண்டாம் உலகப்போரில் பொய்ப் பெயரில் வீட்டு வேலைக்காரியாக ஒளிந்து உயிர் பிழைத்தவர். தந்தையை ஆஷ்விட்ஸ் முகாமில் இழந்தவர். போரால் 1940, 1944 ஒலிம்பிக்குகள் நடக்கவே இல்லை. முதல் தங்கம் 31 வயதில், ஹெல்சின்கியில். 1956 மெல்போர்னில் 35 வயதில் மேலும் நான்கு. பின்னர் இஸ்ரேலில் உடற்கல்வி கற்பித்து, 2025 ஜனவரியில் 103 வயதில் மறைந்தார்.

தட்டைப் பாதம் உள்ள பிள்ளைகள் நம் பள்ளிகளிலும் இருப்பார்கள். நனைந்த காலைச் சிமெண்ட் தரையில் வைத்து எடுக்கச் சொன்னால் போதும். உட்பக்கம் வளைவில்லாமல் முழுப் பாதமும் பதியும். சிறு பிள்ளைகளில் இது சகஜம், வளர வளரப் பலருக்குச் சரியாகிவிடும். வலி இருந்தால் மட்டும் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். வலி இல்லாத பிள்ளையை விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார வைக்க வேண்டியதில்லை.