உங்களுக்குத் தெரியுமா? கத்தரியும் பசையும் காகிதமும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆகப்பெரிய காகிதக் கைவேலையைப் பார்க்க வேண்டுமென்றால் மாசிமகத்தன்று குளமங்கலத்துக்குப் போக வேண்டும். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில், வில்லுனி ஆற்றங்கரையில் இருக்கிறது பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். அதன் முன்னே முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்ந்து நிற்கும் குதிரையின் உயரம் 33 அடி. நேர்ந்துகொண்டவர்கள் அந்தக் குதிரைக்கு மாலை சாத்துவார்கள். பெரும்பாலானவை காகிதப்பூ மாலைகள். குதிரையின் கழுத்திலிருந்து கீழே வரை தொங்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு மாலையும் பல ஆள் நீளம் இருக்கும். காரிலும் வேனிலும் டிராக்டரிலும் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கில் சேரச் சேர, வெள்ளைக் குதிரை மெல்ல மெல்ல நிறங்களுக்குள் மறைந்துவிடும்.

இத்தனைக்கும் கீரமங்கலம் வட்டாரம் பூ விளையும் பூமி. மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும் அங்கிருந்துதான் பல ஊர்ச் சந்தைகளுக்குப் போகின்றன. பூவுக்குப் பஞ்சமில்லாத ஊர் காகிதப்பூவைத் தேர்ந்ததற்கு எனக்குத் தெரிகிற காரணம் எளிமையானது. அவ்வளவு நீளத்துக்குப் பச்சைப்பூவைக் கட்டினால் கனம் தாங்காது நார் அறும். மாசி வெயிலில் பகல் முடிவதற்குள் வாடியும் போகும். காகிதம் லேசானது, நின்று நிறம் காட்டும். திருவிழாவுக்கு முன்னதாகவே சுற்றுவட்டாரத்தில் மாலை கட்டுகிற வேலை தொடங்கிவிடும். தாளை அடுக்கி, மடித்து, வெட்டி, நடுவில் கட்டி, இதழ் இதழாகப் பிரித்துவிட்டு, கயிற்றில் கோத்துக் கட்டுகிற அந்தக் கைகளைக் கைவினைக் கலைஞர்கள் என்று யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது: ஜிகினாவும் பிளாஸ்டிக் தாளும் கலக்காமல் வெறும் காகிதத்திலேயே கட்டினால், திருவிழா முடிந்ததும் மாலை மண்ணோடு மண்ணாகிவிடும்.

✽

புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14. தைப்பொங்கல் நாள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கோ அத்தை வீட்டுக்கோ கையால் செய்த பொங்கல் வாழ்த்து அனுப்புகிறவர்கள், மாவட்டத்தின் பிறந்தநாளையும் ஓரத்தில் ஒரு வரி எழுதலாம்.

விற்பனைக்கென்று அச்சான முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை 1843-ல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் வெளியிட்டது. எழுத வேண்டிய கடிதங்கள் குவிந்துபோனதால் அவர் கண்ட வழி அது. நமக்குக் கடிதம் குவிவதே இல்லை என்பதால், ஒருவருக்கென்று உட்கார்ந்து வெட்டி ஒட்ட நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள்.

✽

வெந்தயத்துக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம்?

மிக்ஸியும் பிளாஸ்டிக் டப்பாவும் வருவதற்கு முன் நம் பக்கத்து வீடுகளில் ஆச்சிமார்களும் அப்பத்தாக்களும் செய்துவந்த காகிதக் கூழ்க் கூடையின் உயிரே வெந்தயம்தான். பழைய செய்தித்தாளைச் சிறுசிறு துண்டாகக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு மூன்று நாள் தண்ணீர் மாற்றி, நன்றாகப் பிழிய வேண்டும். தனியாக ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுரலில் அரைத்தால், கையில் ஒட்டி இழுபடும் கூழ் கிடைக்கும். கவிழ்த்த பானையின் மேல் ஈரத்துணி விரித்து, கூழை ஒரே கனத்தில் தட்டி அப்பி, நிழலில் பாதியும் வெயிலில் மீதியுமாகக் காயவிட்டு உருவினால் கூடை.

வெந்தயம் ஊறும்போது வெளியிடும் வழுவழுப்புதான் காகித நாரைப் பிடித்து வைக்கும் பசை. காய்ந்த பிறகும் தங்கும் கசப்பு, பூச்சி எட்டிப் பார்க்காமல் காக்கும். ஒரே பொருளில் இரண்டு வேலை! வெந்தயத்தைக் குறைத்தால் ஓரம் விண்டுபோகும். அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. செய்தித்தாளில் உணவைப் பொதியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே விதி வைத்திருக்கிறது; காரணம் அச்சு மை. ஆகவே இந்தக் கூடையில் நூல்கண்டு, சாவி, பூண்டு, தேங்காய் போடலாம். முறுக்கும் அதிரசமும் வேண்டாம்.

✽

வாழ்த்து அட்டை மடிக்கும் இடத்தில் பிசிறடிக்கிறதா? தப்பு உங்கள் கையில் இல்லை. ஆலைக் காகிதத்தில் நார்கள் இயந்திரம் ஓடிய திசையிலேயே படுத்திருக்கும். அட்டையை நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை லேசாக வளைத்துப் பாருங்கள். எந்த வளைவு எளிதாக வருகிறதோ அதன் மடிப்புக்கோடு போகும் திசைதான் நார் ஓடும் திசை; அதை ஒட்டி மடித்தால் விளிம்பு சுத்தமாக விழும். மடிப்பதற்கு முன், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிடுங்கள்.

✽

அந்த அட்டைக்கான மரம் எங்கே வளர்ந்தது என்று கேட்டிருக்கிறீர்களா? பதில் நம் வீட்டு வாசலுக்கு வெகு பக்கத்தில்கூட இருக்கலாம். தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் தொடங்கியது 1974-ல், நம் மாவட்டம் பிறந்த அதே ஆண்டு. புதுக்கோட்டையின் செம்மண் காடுகளில் அது வளர்த்து, வரிசை வரிசையாக நிற்கிற தைல மரங்கள் காகித ஆலைகளுக்குப் போகின்றன. மணப்பாறைக்குப் பக்கத்தில் மொண்டிப்பட்டியில், 2016-ல் உற்பத்தி தொடங்கிய தமிழ்நாடு காகித நிறுவனத்தின் இரண்டாவது ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் அட்டை தயாரிக்கும் திறன் கொண்டது.

தைல மரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, மழைநீரைக் குளத்துக்கு வரவிடாமல் தைல மரக் காட்டின் வரப்பு தடுக்கிறது என்று நம் விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஏரியையும் குளத்தையும் நம்பி வாழும் வறண்ட மாவட்டத்தில் அது சின்னக் குறை அல்ல. ஆகவே, பள்ளிக் கைவேலைக்கென்று புது சார்ட் வாங்கும் முன் வீட்டில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்கள். கெட்டி அட்டை, தங்க ஓரம், சந்தன நிறம், போதாக்குறைக்குத் தயாராக ஓர் உறை. பிள்ளையார் படத்தை மட்டும் பத்திரமாக வெட்டி எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் நாலு வாழ்த்து அட்டை செய்யலாம்.

✽

மரமே வெட்டாமலும் காகிதம் வரும். பருத்தித் துணியின் வெட்டுத்துண்டுகளைக் கூழாக்கிச் செய்யும் கைக்காகிதத்தை இன்றும் புதுச்சேரியில் வாங்கலாம். இந்தத் தொழிலுக்கென்று ஜெய்ப்பூருக்கு அருகே சாங்கானேரில் இருக்கும் தேசிய நிறுவனம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறது தெரியுமா? 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளர். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் வாழ்ந்தவர். ராஜஸ்தானில் நிலைத்த நம் ஊர்ப் பெயர்!

✽

மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது பழைய பைண்டர்களின் வழக்கம். பூச்சி அண்டாது. ஆனால் அது விஷம். குழந்தைகள் உட்கார்ந்து ஒட்டும் இடத்தில் வேண்டவே வேண்டாம். அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் காய்ச்சி, மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

✽

சித்தன்னவாசல் குகையின் கூரையில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. மீன், பறவை, யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் அதில் உண்டு. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டுங்கள். பிறகு வீட்டில் வண்ணத்தாளை வெட்டி அந்தக் குளத்தை ஓர் அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். இணையத்திலிருந்து இறக்கிய ரோஜாவைவிட, தாங்களே கண்ட அந்தத் தாமரை இலை வளைவு பிள்ளைகளின் கத்தரியில் அழகாக விழும். கூரையில் நிறம் உதிர்ந்து வெறுமையான இடங்களைத் தங்கள் மனம்போல் அவர்களே நிரப்பட்டும்.

✽

கடைசியாக, தபாலில் போடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 16 ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். காகிதக் கட்டின் மேல் ‘80 ஜிஎஸ்எம்’ என்றிருந்தால் ஒரு சதுர மீட்டரின் எடை 80 கிராம். அப்படியானால் ஒரு தாள் 5 கிராம். சாதாரணக் கடிதத்தின் முதல் கட்டணம் 20 கிராம் வரைதான். 250 ஜிஎஸ்எம் அட்டையில் ஒரு ஏ4 எடுத்து நான்காக மடித்தால் 15.6 கிராம், ஒரு ஏ4 தாளில் நீங்களே செய்த உறை 5 கிராம். எல்லையைத் தாண்டிவிட்டது! 200 ஜிஎஸ்எம் எடுங்கள். அட்டையும் உறையும் சேர்ந்து 17.5 கிராம். மிச்சமுள்ள இரண்டரை கிராமில் அஞ்சல்தலை ஒட்டியது போக, ஒரு சின்னக் காகிதப்பூவும் வைக்கலாம்.