ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகளுக்காக ஓர் ஓட்டம்

பரி என்னுஞ் சொல் குதிரையையும் குறிக்கும், ஓட்டத்தையும் குறிக்கும். ஓட்டமே பெயராக அமைந்த இவ்விலங்கு ஓடுதல் ஒழிந்த பின்னர் யாதாகின்றது என்னும் வினா, பந்தயம் பார்க்கச் செல்வாருட் பலர்க்கு எழுவதில்லை. அவ்வினாவிற்கு விடையாக மேனாடுகளில் எழுந்த தருமங்களுக்குப் பொருள் திரட்டும் வழிகளுள் ஒன்று, மக்கள் தாமே கூடி ஓடும் விளையாட்டோட்டம். அதன் காரணத்தையும் முறையையும் ஈண்டு ஒருவாறு விளக்குவேன்.

தரோபிரெட் என்னும் பந்தயக் குதிரை இரண்டாண்டுப் பருவத்திலேயே களம் புகும். பெரும்பாலானவை பத்தாண்டு நிரம்புமுன்னரே ஓய்வு பெற்றுவிடும். ஆயுளோ 25 ஆண்டும் அதற்கு மேலும் நீளும். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாள்தோறும் 10 கிலோ அளவு தீனி வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்திற்கொரு முறை குளம்பு சீவ வேண்டும். பல்லையும் அவ்வப்போது அராவுதல் வேண்டும். ஓடாத குதிரைக்கும் இச்செலவு குறைவதில்லை.

பெர்டினாண்டு என்னும் குதிரையின் கதையைப் படித்தபோது என் மனம் மிக வருந்தியது. அது 1986-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கெண்டக்கி டெர்பியில் வென்றது. அடுத்த ஆண்டில் அந்நாட்டின் சிறந்த குதிரையெனப் பட்டம் பெற்றது. உடையவர்க்கு அது ஈட்டித் தந்தது முப்பது லட்சம் டாலருக்கு மேல். 1994-ல் இனவிருத்தியின் பொருட்டு ஜப்பானுக்கு விற்கப்பட்டது. ஆங்கு எதிர்பார்த்த பயன் கிட்டாமையின், 2002-ல் இறைச்சிக்காகக் கொல்லப்பட்டதெனப் பத்திரிகைகள் மறு ஆண்டில் வெளியிட்டன. புகழ் பெற்ற குதிரைக்கே இக்கதியெனின், வென்றறியாத குதிரைகளின் நிலையை என்னென்பது! இதன்பின், 2006-ல், நியூயார்க்கில் குதிரை உடையவர்கள் ஒரு குதிரை ஒருமுறை ஓடினால் இரண்டு டாலர் விரும்பியளிக்கும் ஏற்பாடு ஒன்று தோன்றியது. அதற்குப் 'பெர்டினாண்டு கட்டணம்' என்றே பெயர்.

ஓய்வு பெற்ற குதிரையைப் புல்வெளியில் அவிழ்த்துவிட்டால் போதாதோ என நண்பர் ஒருவர் வினவினார். போதாது. பயிற்சிக் காலத்தில் அது பெரும்பொழுதைக் கொட்டிலிற் கழித்துத் தானியம் மிகுதியாக உண்டு பழகியது. ஆதலின் தானியத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் புல்லைக் கூட்டல் வேண்டும். பின்னரே புதிய கல்வி தொடங்கும். கற்பிப்பதினும் மறப்பிப்பது அரிது. ஜாக்கி ஏறும்போது நடந்துகொண்டேயிருந்த குதிரையை அசையாது நிற்கப் பழக்குதல் வேண்டும். கடிவாளம் இறுகினால் அது நிற்கவேண்டுமென்று கொள்ளாது, அதன்மேற் சாய்ந்து விரையும். அமெரிக்கக் களங்களில் இடப்புறமே வளைந்தோடிய குதிரை வலப்புறம் திரும்பத் தடுமாறும். இவற்றைப் பொறுமையுடன் திருத்தினால் அது சவாரிக்கும் தாண்டற் போட்டிக்கும் உதவும். பிரிட்டனில் 2000-ல் இதற்கெனவே ஒரு தரும நிலையம் நிறுவப்பெற்றது. காலூனமுற்றுச் சவாரிக்கு ஆகாதவை ஆயுள் முழுதும் பிறர் கையை எதிர்நோக்கும். நியூயார்க்கு மாகாணத்து வால்கில் சிறையில் 1984 முதல் கைதிகள் அத்தகைய குதிரைகளைப் பேணித் தொழிலுங் கற்றனர்.

இனி ஓட்டத்தின் முறை. ஓடுவோர் நுழைவுக் கட்டணம் செலுத்துவர். அன்றியும், தாம் ஓடி முடித்தால் இத்துணைப் பொருள் தரவேண்டுமென உற்றாரிடத்தும் நண்பரிடத்தும் முன்னரே உறுதி பெறுவர். தொலைவு பெரும்பாலும் 5 கிலோமீட்டர். விரைவு பெரிதன்று; சிறுவரும் முதியவரும் நடந்தே செல்லலாம். (கல்லூரி விளையாட்டு விழாவில் இறுதியாக வருவதையே வழக்கமாகக் கொண்ட யானும் அஞ்சாது சேரத்தக்க ஓட்டம் இது.) 2 கிலோமீட்டரை ஏறத்தாழ 2 நிமிடத்திற் கடந்த குதிரைகளுக்காக, மக்கள் அரைமணி நேரம் மூச்சிரைக்க ஓடுவது ஒரு வேடிக்கையே. சட்டைக்கும் பதக்கத்திற்கும் ஆகும் செலவு போக எஞ்சியதே தீனிக்குச் சேரும். ஆதலின் நடத்துவோர் சிக்கனமாயிருத்தல் வேண்டும்.

குதிரையால் ஆதாயம் பெற்றவர் ஒருவர், அதன் முதுமைக்குப் பொருள் தருபவர் வேறொருவரா என்று கேட்பாரும் உளர். அக்கேள்வி நேரியதே. பரிசுப் பணத்திலும் பந்தயப் பணத்திலும் ஒரு பகுதியை முதலிலேயே ஒதுக்குதல் உடையவர்க்குக் கடனென்பதே என் கருத்து. அக்கடன் முழுதுந் தீர்க்கப்படும்வரை, குதிரைக்கு நாளைக் காலையிலும் பத்துக் கிலோ தீனி வேண்டும்.