மென்பொருள் தொழிலின் ஐந்து படிகள்

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளைகளை மென்பொருள் துறைக்கு அனுப்ப விரும்பாத பெற்றோர் இன்று மிகச் சிலரே. ஆயினும் அத்தொழில் எவ்வாறு நடைபெறுகிறது என்று வினவினால், கணிப்பொறியின் முன் அமர்ந்து ஏதோ எழுதுகிறார்கள் என்பதற்கு மேல் விடை கிடைப்பதில்லை. அதனைச் சிறிது விளங்கிக்கொள்வது பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒருங்கே பயன் தரும்.

தொடக்கத்தில் மென்பொருள் ஆக்கம் தனிமனிதரின் கெட்டிக்காரத்தனத்தையே நம்பி நின்றது. குறித்த நாளில் வேலை முடியாது. செலவு மதிப்பீட்டை மீறும். முடிந்த பின்னரும் பிழைகள் மலியும். 1968ஆம் ஆண்டு ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் வல்லுநர்கள் கூடி இத்தொல்லையை ஆராய்ந்தனர். பாலம் கட்டும் பொறியியலுக்கு உள்ளது போன்ற ஒழுங்கு மென்பொருளுக்கும் வேண்டும் என்ற கருத்து அங்கே வலுப்பெற்றது. அதே 1968இல்தான் அந்நாளைய பம்பாயில் டாட்டா கன்சல்டன்ஸி சர்வீஸஸ் தோன்றிற்று.

1984இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பொருளுதவியால், பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல் நிலையம் அமைந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய வாட்ஸ் ஹம்ஃப்ரி என்பார் அங்கு வந்து, ஒரு நிறுவனத்தின் வேலைமுறை எவ்வளவு முதிர்ந்தது என்று அளக்க வழிகண்டார். அதன் பயனாக 1991இல் சி.எம்.எம். எனப்படும் திறன் முதிர்ச்சி மாதிரி வெளிவந்தது.

அதன் படிகள் ஐந்து. முதற்படியில் முறை என்று ஒன்றுமில்லை. வல்லவன் ஒருவன் இருக்கும் வரை வேலை நடக்கும். இரண்டாம் படியில் ஒவ்வொரு பணிக்கும் திட்டமும் கணக்கும் உண்டு. ஒருமுறை செய்ததை மறுமுறையும் செய்ய இயலும். மூன்றாம் படியில் முறைகள் நிறுவனம் முழுமைக்கும் பொதுவாக எழுதிவைக்கப்படும். நான்காம் படியில் வேலையும் பிழையும் எண்களால் அளக்கப்படும். ஐந்தாம் படியில், பிழையின் மூலகாரணத்தைத் தேடி முறையையே இடையறாது திருத்துவர்.

இரயில்வே ஊழியருக்கு இதன் அடிப்படை புதிதன்று. ஸ்டேஷன் மாஸ்டர் பணி மாறும்போது டயரியில் எழுதிக் கையொப்பமிட்டே பொறுப்பை ஒப்படைக்கிறார். அடுத்து வருபவர் எவராயினும் வண்டிகள் ஓடுகின்றன. அறிவு ஒருவர் தலைக்குள் மட்டும் இராமல் ஏட்டிலும் இருப்பதே அதற்குக் காரணம்.

இம்முறையை இந்தியர் விரைந்து பற்றிக்கொண்டனர். 1993இல் பெங்களூரிலிருந்த மோட்டொரோலா பிரிவு ஐந்தாம் படியை எய்திற்று. 1990களின் இறுதியில், அப்படியை எட்டிய நிறுவனங்களுள் பெரும்பகுதி இந்தியாவிலேயே இருந்தது. கடல்கடந்த வாடிக்கையாளர், கண்ணால் காணாத ஊழியரை நம்ப வேண்டுமாயின், எழுத்தில் வகுத்த முறையே சான்றாக நின்றது. டாட்டா நிறுவனத்தில் ஃபக்கீர் சந்த் கோலி இட்ட அடித்தளத்தின் மீது, 1996 முதல் 2009 வரை எஸ். இராமதுரையும், பின்னர் 2017 வரை நாமக்கல் மாவட்டத்து மோகனூரில் பிறந்த என். சந்திரசேகரனும் தலைமை ஏற்றனர் என்பது நமக்கெல்லாம் பெருமையளிப்பதாகும்.

எனினும் சான்றிதழே தரமாகிவிடாது. மதிப்பிட வருவோருக்காகத் தாள்களை நிரப்பிவிட்டு, பழைய வழியிலேயே வேலை செய்தால் ஐந்தாம் படியும் வெறும் அலங்காரமே. முறை மிகுந்தால் வேகம் குன்றும் என்ற குறையும் எழுந்தது. 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதினேழு வல்லுநர் கூடி, சிறுசிறு பகுதிகளாக ஆக்கி, வாடிக்கையாளரிடம் அடிக்கடி காட்டித் திருத்தும் 'அஜைல்' கொள்கையை அறிவித்தனர். பல நிறுவனங்கள் இன்று இரண்டையும் இணைத்தே கையாளுகின்றன.

நம் இளைஞர் இதனை ஊன்றி நோக்க வேண்டும். கணிப்பொறி மொழிகள் மூன்றில் சான்றிதழ் பெற்றதும் கல்வி முடிந்தது என்று கருதுவோர் பலர். செய்ததைத் தெளிவாக எழுதிவைத்தல், தம் வேலையைப் பிறர் சோதிக்க மகிழ்வுடன் தருதல், கண்ட பிழையை மறைக்காது அன்றே அறிவித்தல் ஆகியவற்றையும் அவர்கள் பழக வேண்டும். மேலாளரும், பிழை கண்டவிடத்து "யார் செய்தது?" என்று சீறாமல், "எந்த முறை தவறிற்று?" என்று கேட்க வேண்டும். பிழையைச் சொன்னவன் தண்டிக்கப்படும் இடத்தில், அடுத்த பிழையை எவனும் சொல்லமாட்டான். அங்கே எத்தனை படி ஏறினும் பயனில்லை.