நடு நரம்பின் மீள்கிளை

நடு நரம்பின் மீள்கிளை என்பது பெருவிரலின் அடியில் உள்ள சதைமேட்டின் தசைகளை இயக்கும் சிறு நரம்பு ஆகும். நடு நரம்பிலிருந்து பிரிந்து, வந்த திசையை நோக்கியே சற்று வளைந்து திரும்புவதால் இப்பெயர் பெற்றது. இது அறுபட்டால் தொடுக்கப்படும் இழப்பீட்டு வழக்கை எண்ணி, ஆங்கில மருத்துவ வழக்கில் இதை வேடிக்கையாக 'பத்து இலட்சம் டாலர் நரம்பு' என்பர்.

அமைவிடம்

நடு நரம்பு முன்கையில் விரல்களை மடக்கும் இரு தசை அடுக்குகளுக்கு இடையே இறங்கி, மணிக்கட்டுக் குகைக்குள் நுழைகிறது. குகையின் தரையும் பக்கங்களும் எலும்பு. கூரை, குறுக்கு இணைநார் எனும் தடித்த பட்டை. இந்நரம்புடன் 9 தசைநாண்களும் இதனுள் செல்கின்றன. உள்ளே வீக்கம் ஏற்பட்டால் கூரை விரிந்து கொடுக்காது; நரம்பு நசுங்கி, சிறுவிரல் தவிர்த்த விரல்கள் மரத்துப்போகும். மோதிர விரலில் பெருவிரல் பக்கத்துப் பாதி மட்டுமே மரக்கும். உள்ளங்கைத் தோலுக்கான கிளை மணிக்கட்டுக்குச் சுமார் 5 செ.மீ. மேலேயே பிரிந்து கூரைக்கு வெளியே செல்வதால், உள்ளங்கையில் உணர்ச்சி குறைவதில்லை. மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இதையே.

அறுவை மருத்துவத்தில்

மணிக்கட்டுப் பட்டை, ஊசிமருந்து ஆகியவற்றால் குணம் கிடைக்காதபோது கூரையை வெட்டித் திறக்கின்றனர். இங்குதான் மீள்கிளைக்கு ஆபத்து. பெரும்பாலோரில் இது கூரையின் விளிம்பைக் கடந்த பிறகே பிரிகிறது. சிலரில் கூரைக்கு அடியிலேயே பிரிந்துவிடும். வேறு சிலரில் கூரையையே துளைத்துச் செல்லும். இத்தகைய வேறுபாடுகளை லான்சு 1977-இல் 4 வகைகளாகப் பிரித்தார். வெளியிலிருந்து பார்த்து இன்ன வகை என்று கூற இயலாது. எனவே மோதிர விரலின் நேர்கோட்டில், அதாவது பெருவிரலிலிருந்து விலகி வெட்டுவதே வழக்கம். சிறுவிரல் பக்கம் மிகவும் நகர்ந்தால் அங்குள்ள அல்நார் நரம்பும் தமனியும் காயமுறலாம்.

பாதிப்பு

மீள்கிளை தோலுணர்ச்சியைக் கடத்துவதில்லை. ஆகவே இது அறுபட்டாலும் விரல் மரத்துப்போகாது. நோயாளி உடனே உணராமலும் இருக்கலாம். பெருவிரல் நுனியும் வழக்கம்போல் மடங்கும். அதை மடக்கும் தசை முன்கையில் உள்ளது. ஆனால் பெருவிரலை மற்ற விரல் நுனிகளுக்கு எதிரே கொண்டுவருவது கடினமாகும். பொத்தான் மாட்டுவதும் சோற்றைப் பிசைந்து அள்ளுவதும் தடுமாறும். சதைமேடு நாளடைவில் வற்றிவிடும்.

புறங்கையை மேசைமீது வைத்து, பெருவிரலை மேற்கூரையை நோக்கி உயர்த்தச் சொல்வது எளிய சோதனை. அறுபட்ட கிளையை நுண்ணோக்கியின் உதவியுடன் தைக்கலாம். அது பயன் தராவிட்டால், மோதிர விரலை மடக்கும் இரு தசைநாண்களுள் ஒன்றைப் பெருவிரலுக்கு மாற்றிப் பொருத்துவர்.