ஏலப் பச்சையும் எண்களின் மொழியும்

பசுமை என்னும் பண்புச்சொல் தமிழில் பரந்த பொருளுடையது. இலை பச்சை, பொன்னும் பசும்பொன், பிரிவால் மேனியிற் படரும் பசலையும் அவ்வேரினின்று கிளைத்ததே. பச்சைக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட பரப்பு முழுவதையும் ஒரு வேர்ச்சொல்லாற் குறித்த மொழி நம்முடையது. போடிநாயக்கனூரில் வாழ்வோர்க்கு இஃது ஏட்டுச் செய்தியன்று. மலைச்சரிவினின்று வரும் ஏலக்காய்க்கு எடையும் பருமனும் போன்றே நிறமும் விலை பேசும். காயைப் பறித்தபின் சலவைச் சோடா 2 விழுக்காடு கலந்த நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, அளவான சூட்டில் உலர்த்தும் முறையெல்லாம் அப்பச்சையைக் காத்தற்கே.

சில ஆண்டுகளுக்கு முன், நம் துறை மலரின் அட்டைக்கு அந்நிறத்தையே இடுவதென முடிவு செய்தோம். ஃபோட்டோஷாப் மென்பொருளில் மாணவர் ஒருவர் நிறம் தேர்ந்தார். திரையில் கிளிப்பச்சை சுடர்விட்டது. நிறக்கட்டத்தின் அருகே ஒரு சிறு முக்கோணமும் அதனுள் வியப்புக்குறியும் தோன்றின. "இது என்னங்க ஐயா?" என்று அவர் வினவியபோது, "அது கிடக்கட்டும், தம்பி" என்று சொல்லிவிட்டோம். 500 படிகள் அச்சாகி வந்தன. ஏல வணிகக் குடும்பத்து மாணவி ஒருவர் அட்டையை ஒளியிற் பிடித்துப் பார்த்து, "ஐயா, இது பழங்காய்" என்றார். அச்சகத்தார்மேற் குற்றமில்லை, ஒளியின் மொழியில் நிறத்தைத் தேர்ந்து மையிடம் கொடுத்தவர் நாமே.

கணினித் திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுவது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 255 வரை அளவு தந்தால் 1,67,77,216 நிறங்கள் பிறக்கும். இதுவே ஆர்.ஜி.பி. முறை. மூவொளியால் நிறப்படம் காட்டலாம் என்பதை 1861இல் இலண்டனில் மாக்சுவெல் வண்ண நாடா ஒன்றின் படத்தைக் கொண்டு மெய்ப்பித்தார். தாளோ தானாக ஒளிர்வதன்று. அதன்மேற் பூசிய மை, வீழும் ஒளியிற் சிலவற்றை விழுங்கி எஞ்சியதை நமக்குத் தருகிறது. வான்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளின் விழுக்காட்டைக் குறிப்பது சி.எம்.ஒய்.கே. முறை. ஒளி கூடக்கூட வெண்மை நோக்கும். மை கூடக்கூடக் கருமை நோக்கும். திரையிற் சுடர்விடும் பச்சைகள் பலவற்றை இந்நான்கு மைகளால் எட்டவே இயலாது. நாம் புறக்கணித்த முக்கோணம் அதைத்தான் எச்சரித்தது.

ஆயினும் ஒளி அளவையும் மை அளவையும் கொண்டு மனிதர் நிறத்தை நினைப்பதில்லை. "இன்னும் சற்று மஞ்சளோடிய பச்சை", "இவ்வளவு அடர்த்தி வேண்டா" என்றே பேசுகிறோம். அப்பேச்சுக்கு நெருங்கியது 1978இல் ஆல்வி ரே ஸ்மித் வெளியிட்ட எச்.எஸ்.வி. முறை, ஃபோட்டோஷாப்பில் இது எச்.எஸ்.பி. எனப்படும். நிறம் ஒரு வட்டத்தின் பாகை. செறிவும் பொலிவும் விழுக்காடு. சிவப்பு 0, மஞ்சள் 60, பச்சை 120. பச்சைக்காய்க்கென நாம் தேர்ந்த ஆர்.ஜி.பி. எண்கள் 100, 200, 50. இவற்றை மாற்றினால் 100 பாகை, செறிவு 75, பொலிவு 78 எனக் கிடைக்கும். உலர்ந்த காயின் நிறத்திற்கு அணுக்கமான 138, 154, 91 என்பதோ 75 பாகை, செறிவு 41, பொலிவு 60 ஆகிறது. உலர்கையில் காய் மஞ்சளை நோக்கி நகர்ந்ததும் செறிவு குன்றியதும் எண்களிலேயே புலனாகின்றன. முந்தைய மூவெண்களை உற்றுநோக்கி இதனை உணர்தல் எளிதன்று.

இம்முறைக்கும் ஒரு குறையுண்டு. தூய மஞ்சளுக்கும் தூய நீலத்திற்கும் பொலிவு 100 என்றே அது கூறும். கண்ணோ மஞ்சளை வெளிச்சமாகவும் நீலத்தை இருளாகவும் காணும். 1976இல் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் வகுத்த லேப் முறை கண்ணின் உணர்வைப் பின்பற்றுவது. அதில் மஞ்சளின் வெளிச்ச அளவு 97ஐ ஒட்டியும், நீலத்தின் அளவு 30ஐ ஒட்டியும் நிற்கும். அட்டையின்மேல் தலைப்பெழுத்துப் பொறிப்போர் நோக்கவேண்டியது இவ்வளவையே. உலர்காய்ப் பச்சைக்கு அது ஏறத்தாழ 61. ஆதலின் 100 உடைய வெள்ளை எழுத்தைவிட 0 உடைய கறுப்பெழுத்தே அதன்மேல் தெளிவுறும். வெள்ளைதான் அழகு என்று அடம்பிடிப்போர் நம் துறையிலும் உளர்!

இவ்வாண்டு அட்டைக்குப் பச்சைக்காயின் நிறத்தை நாடவில்லை. 75 பாகையிலே தொடங்கி, முக்கோணம் தோன்றாதவாறு செறிவைச் சரிசெய்து, அச்சகத்தார் தந்த நிறக்குறிப்புக் கோப்பைக்கொண்டு மையின் அளவுகளுக்கு மாற்றினோம். மாதிரித்தாள் வந்ததும் குழல்விளக்கின்கீழ் நோக்காமல், துறையின் கிழக்குச் சாளரத்தருகே வைத்து, அதன்மேல் நான்கு உலர்ந்த ஏலக்காய்களைப் பரப்பினோம். முன்னர்ப் "பழங்காய்" என்ற அம்மாணவி இப்போது முதுகலை பயில்கிறார். அவரை அழைத்துக் காட்டினோம். ஒரு காயைத் தாளின்மேல் உருட்டிப் பார்த்து, "இந்த வருசக் காய்தான், ஐயா. ஆனால் இன்னும் ஒரு மாதிரி போட்டுப் பாருங்கள், கொஞ்சம் மஞ்சள் கூடியிருக்கிறது" என்றார். 78 பாகைக்கு மாற்றி மீண்டும் அனுப்பினோம்.