தொடாமலே ஒலிக்கும் மணி



விரல் பட்டதும் விளக்கு எரிகிறது, மணி ஒலிக்கிறது, கைபேசியின் கண்ணாடித் திரை நாம் கேட்டதைக் காட்டுகிறது. தொடுகையை அறியும் இத்தகைய மின்சுற்றுகளை இக்காலத்தில் நம் பாடசாலை மாணவர்களும் அமைக்கின்றனர். மாத்தளை மாவட்டத்துப் பாடசாலையொன்றில் மாணவர் சிலர், படுக்கையிலிருக்கும் முதியோர் விரல் நுனியால் தொட்டு வீட்டாரை அழைப்பதற்கென ஒரு மணியை அமைத்தனர். எண்ணம் உயர்ந்தது. ஆயினும் மழை இரவுகளில் எவரும் தொடாமலே அம்மணி ஒலிக்கலாயிற்று. மூன்று முறை எழுந்தோடி ஏமாந்தவர் நான்காம் முறை எழுவாரா? புலி வருகிறதென்று பொய்க்குரல் எழுப்பிய சிறுவனின் கதையை நாம் அறிவோம். மெய்யாகவே அழைப்பு வரும் வேளையில் அதனை எவரும் பொருட்படுத்தார் என்பதே இதிலுள்ள பேராபத்து.

இக்குறையின் காரணத்தை அறிய, சுற்று எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை முதலில் நோக்குவோம். இரு கடத்திகளுக்கிடையே ஒரு காவலி இருப்பின், அவ்வமைப்பு மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும். இதனையே கொள்ளளவி என்கிறோம். தொடுதகடு ஒரு கடத்தி. உப்பு நீர் நிறைந்த நம் உடல் மற்றொரு கடத்தி. விரல் அணுகும்போது தகட்டின் கொள்ளளவம் சிறிதளவு கூடுகிறது. அக்கூடுதல் சில பிக்கோபரட்டு அளவே. சில வேளை அதனினும் குறைவு. ஒரு பிக்கோபரட்டு என்பது ஒரு பரட்டின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. எவரும் தொடாதபோதுள்ள அளவைச் சுற்று நினைவில் வைத்துக்கொள்கிறது. அளவு அதனின்றும் குறித்த வரம்புக்கு மேல் உயர்ந்தால், தொடுகை நிகழ்ந்ததென்று முடிவு செய்கிறது.

எனவே, சுற்று விரலை அறியாது. மாற்றத்தை மட்டுமே அறியும். 1920ஆம் ஆண்டளவில் இரசிய விஞ்ஞானி லியோன் தெரமின் அமைத்த இசைக்கருவியை, எவரும் தொடாமல், கையை அருகே அசைத்தே வாசித்தனர். அங்கே இசையாகிய அதே இயல்புதான் இங்கே தொல்லையாகிறது. பொய்யழைப்பு என நாம் கூறுவது, வேறேதோ ஒன்று மாறியது என்னும் மெய்யான செய்தியே. அந்த வேறொன்று யாது எனத் தேடுவதே நம் பணி.

முதற் குற்றவாளி நீர். மின்னேற்றத்தைத் தேக்க உதவும் இயல்பில் வளியை 1 எனக் கொண்டால், கண்ணாடி பெரும்பாலும் 5 முதல் 10 வரை. நீரோ ஏறத்தாழ 80. தகட்டின் மீது படரும் மெல்லிய நீர்ப்படலம் விரலைப் போலவே தோற்றமளிக்கும். அருகிலுள்ள உலோகத்தையும் அது தொட்டுக்கொண்டிருந்தால் குறை மேலும் பெருகும். நம் மாவட்டத்திலேயே தம்புள்ளை உலர் வலயத்தைச் சேர்ந்தது. இறத்தோட்டைக்கு மேலே நக்கிள்ஸ் மலைச்சாரலிலோ மூடுபனி தவழ்கிறது. அங்கே ஒழுங்காக இயங்கிய சுற்று இங்கே தடுமாறுவதில் வியப்பில்லை. தகட்டைத் திறந்து வைக்காமல், கண்ணாடி அல்லது அக்கிரிலிக்குத் தகட்டின் பின்புறம் இடைவெளியின்றி ஒட்டி, நீர் வழிந்தோடுமாறு சற்றுச் சாய்த்துப் பொருத்துதல் நன்று.

இரண்டாவது, மின் வழங்கல். நம் வீடுகளுக்கு வருவது செக்கனுக்கு 50 முறை அலைவுறும் 230 வோற்று ஆடலோட்டம். அதனை நேரோட்டமாக்கும் மலிவான மின்னேற்றிகள் சில இரைச்சலையும் சேர்த்தே அனுப்புகின்றன. மின்னேற்றும்போது கைபேசித் திரை தானே துள்ளுவதைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். சோதனை எளிது: மின்னேற்றியைக் கழற்றிவிட்டு, மின்கலங்களால் சுற்றை இயக்கிப் பாருங்கள். தொல்லை நின்றால், குற்றம் பெரும்பாலும் வழங்கலினது.

மூன்றாவது, நீண்ட கம்பி. தகட்டுக்கும் உணரிக்கும் இடையிலுள்ள கம்பி வானொலியின் அலைவாங்கி போன்றது. மேற்கூறிய மாணவர்கள் அக்கம்பியைச் சுவரோரமாக, விளக்குக்குச் செல்லும் மின்கம்பியை ஒட்டியே கொண்டு சென்றிருந்தனர். தகடும் யன்னலருகே திறந்திருந்தது. உணரியைத் தகட்டின் அருகே நகர்த்தி, நீண்ட கம்பியை மணியின் பக்கம் அமைத்து, தகட்டையும் மூடியதும் மழை இரவுகளிலும் மணி அமைதியுற்றது.

நான்காவது, தொடக்க வேளை. மின் நின்று மீளும்போது உணரி தன் அடிப்படை அளவைப் புதிதாகக் கற்கிறது. அவ்வேளை தகட்டில் கையிருந்தால், கையுள்ள நிலையையே வெறுமை எனக் கொள்ளும். பல உணரிகள் பின்னர்த் தாமே திருத்திக்கொள்ளும். எனினும் முதற் சில செக்கன்கள் தகட்டைத் தொடாதிருத்தல் வேண்டும்.

பொய்யழைப்பைக் கண்டதும் பலர் உணர்திறனைக் குறைக்க விரைகின்றனர். சிறு உணரிகளில் தகட்டுக்கும் புவித்தொடுப்புக்கும் இடையே சில பிக்கோபரட்டுக் கொள்ளளவியை இணைத்தால் அது குறையும். ஆயின் நலிந்த முதியவரின் விரல் மெல்லவே படியும். அதனால் உண்டாகும் மாற்றமும் சிறிதே. உணர்திறனைக் குறைத்தால் பொய்யழைப்போடு மெய்யழைப்பும் மறையும். ஆகவே நீர், வழங்கல், கம்பி என்பவற்றை முதலிற் சீர்செய்க. அடுத்து, தொடர்ந்து பல அளவீடுகள் ஒத்துவந்தால் மட்டுமே மணி ஒலிக்குமாறு அமைக்க. உணர்திறனைக் கடைசியாகத் தொடுக.

ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், குணமாக்கியது எதுவென அறியோம். மாற்றிய பின் நீர் தெளித்துப் பாருங்கள். மின்விசிறியைச் சுழலவிட்டுப் பாருங்கள். சில இரவுகள் மணி ஒலித்த நேரங்களைக் குறித்து வாருங்கள். படுக்கையருகே வைப்பதற்கு மின்கலத்தில் இயங்கும் சுற்றே பாதுகாப்பானது. உயிர் காக்கும் தேவைக்கு இதனை மட்டும் நம்பாது, சாதாரண அழுத்து பொத்தான் ஒன்றையும் உடன் வைத்தல் அறிவுடைமை. அழைத்தால் ஆள் வரும் என்ற நம்பிக்கையோடு கண்ணயரும் முதியவருக்கு அவ்வளவு பொறுப்பேனும் நாம் காட்ட வேண்டும்.